திறந்து வைத்த நாற்பது டிக்கிகள்

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியின் விலை ஒரு லட்சம் டாலர். நான் வைத்த விலை இல்லை, காப்பீட்டு நிறுவனம் வைத்தது. காரை ஓட்டியவர் எடுத்திருந்த பாலிசியின் உச்சவரம்பு அவ்வளவுதான். பெண்ணின் அப்பா கர்ட்டிஸ் யோடர் தாளை ஒரு முறைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் என் அப்பா நடத்திய கம்பளக் கடையில், கால் துடைக்கும் மிதியடி வாங்க வந்தவர்கள்கூட மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பி வந்து பேரம் பேசுவார்கள். யோடர் பேசவில்லை. பேசினால் இதற்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

என் பெயர் எலையாஸ் தானூஸ். டமராக் பெண்ட் குடியிருப்பில் இருபது வருடமாக வீடு, அதில் பாதிக் காலம் சங்கத்தின் பொருளாளர் வேலை. எங்கள் சங்கத்துக்கு வெளியில் நல்ல பெயர் கிடையாது. புல் எத்தனை அங்குலம் வளரலாம், தபால் பெட்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம், குப்பைத் தொட்டியை எப்போது உள்ளே இழுக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறோம். அக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீனுக்கும் உண்டு. வாசலில் நிறுத்தும் எலும்புக்கூடு வீட்டுக் கூரையைத் தொடக்கூடாது. புல்வெளியில் வேடிக்கைக்காக நடும் அட்டைக் கல்லறைகளை நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் பிடுங்கிவிட வேண்டும். வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வரலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதை மட்டும்தான் யாரும் மீறியதும் இல்லை.

போன வருட ஹாலோவீனுக்கு டெஸா யோடர் கறுப்புப் பூனை வேஷம் போட்டிருந்தாள். லார்க் தெருவில் ஓரமாக நிறுத்தியிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து, எதிர்வரிசையில் எரிந்த ஒரு விளக்கைப் பார்த்து ஓடினாள். மருந்துக் கடையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வெர்னா கோல்ப் மெதுவாகத்தான் ஓட்டி வந்தார். ஷெரிஃப் ஆட்கள் டயர் தடத்தை அளந்து பார்த்து, அவர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெர்னா அந்தத் தாளை யாரிடமும் காட்டியதில்லை. காரை விற்றுவிட்டார். கணவர் போன பிறகு தனியாக இருப்பவர், பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் முப்பது வருடம் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லை அறிந்தவர், அதற்குப் பிறகு யார் வீட்டுக்கும் போகவில்லை.

யோடர் வீடும் வெர்னா வீடும் அதே லார்க் தெருதான். நடுவில் ஐந்து வீடுகள். யோடர் தபால் பெட்டிக்குக் காலையில் போவார், வெர்னா இருட்டிய பிறகு போவார். பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை, அப்படி அமைந்துவிட்டது. ஒரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே தெருவில் இருந்தார்கள்.

செப்டம்பரில், இந்த வருட ஹாலோவீனை என்ன செய்வது என்று பேச, தலைவி க்வென் ஸ்டாம்பர் வீட்டுச் சமையலறையில் நிர்வாகக் குழு கூடியது. பாதுகாப்புக் குழுவுக்குப் பொறுப்பு பிரெண்ட் கெஸ்லர். நீச்சல்குளம் கட்டித் தரும் தொழில். எதையும் வரைபடத்தோடுதான் ஆரம்பிப்பார்.

"வீடு வீடா அனுப்புறதே வேணாம்," என்றார் பிரெண்ட், மேஜையில் படத்தை விரித்து. "கிளப் ஹவுஸ் மைதானத்துல நாப்பது கார வரிசையா நிறுத்துறோம். எல்லா டிக்கியும் திறந்திருக்கும். உள்ள சிலந்தி வலை, பூசணிக்கா, கலர் லைட்டுன்னு அவங்கவங்க ஜோடிச்சுக்கலாம். பிள்ளைங்க வரிசையா வந்து மிட்டாய வாங்கிக்கிட்டுப் போகட்டும். ஒருத்தர்கூட ரோட்டத் தாண்ட வேணாம். சர்ச்சு, ஸ்கூலு, எல்லா இடத்துலயும் இப்ப இதானே நடக்குது?"

"பேர் ஏதாவது வச்சிருக்கியா?" என்று க்வென் கேட்டார்.

பிரெண்டின் குரல் தணிந்தது. "டெஸா நினைவு டிக்கித் திருவிழா. பேனர் அடிக்கக் குடுத்துட்டேன்."

க்வென் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதாததற்கு, தெருவில் நடத்தாமல் மைதானத்தில் நடத்தினால் சங்கத்தின் காப்பீட்டுத் தவணையைக் குறைக்கிறேன் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். கண்ணீரும் தள்ளுபடியும் ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம்.

"கர்ட்டிஸ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமோ?" என்றார் க்வென்.

"கேட்டா அவர் மனசு கஷ்டப்படும். எல்லாம் முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்."

"யாரு போய்ச் சொல்றது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிரெண்ட் சிரித்தார். "கம்பளக்காரர் இருக்கும்போது என்ன கவலை? வேணாம் வேணாம்னு கத்துறவன் தலையிலயே சுருட்டிக் கட்டி அனுப்புற பரம்பரை."

சனிக்கிழமை காலை போனேன். யோடர் தன் கார்ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, பிளேடைக் கழற்றி அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். வீடுகளுக்கு ஹீட்டரும் ஏசியும் மாட்டுகிற வேலை அவருக்கு. கை சும்மா இருக்காது. எனக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். உட்கார்ந்து, பாராட்டில் தொடங்கி, பாதுகாப்பில் நுழைந்து, பேனரில் கொண்டுபோய் முடித்தேன். நல்ல சரக்கை நல்லபடி விரித்துக் காட்டிய திருப்தி எனக்கு.

அவர் அரத்தை வைத்தார். "எத்தனை கார்?"

"நாப்பது."

"டிக்கி எல்லாம் திறந்திருக்கும்."

"ஆமா."

"பிள்ளைங்க நடந்து போயி, ஒவ்வொரு காரா, காருக்குக் கிட்ட நின்னு..."

"ஆமா, ஒவ்வொரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து பெரியவர்கள், ஒரு வரைபடம், இரண்டு மணி நேரப் பேச்சு. காரில் அடிபட்டுச் செத்த குழந்தையின் பெயரில் கார்த் திருவிழா நடத்தத் தீர்மானித்திருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"கர்ட்டிஸ், சத்தியமா நாங்க யாருமே..."

"தெரியும், எலையாஸ். நல்ல மனசோடதான் செஞ்சிருப்பீங்க. அதான் கஷ்டமா இருக்கு. கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தா நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன்."

"பேர எடுத்துடச் சொல்றேன். பேனர நான் பாத்துக்கறேன்."

"பேர் மட்டும் இல்ல." பிளேடின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "எனக்கு என் வாசல் வேணும். பிள்ளைங்க அன்னிக்கு என் கதவத் தட்டணும்."

எதிராளி தானாகப் பேச ஆரம்பிக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது கடையில் கற்றது.

"மேடி டோனர் தெரியுமில்ல? அவளும் டெஸாவும் ஒரே உயரம். முதுகோட முதுகு வச்சு அளந்து பாத்து, நான்தான் பெரியவ, நான்தான் பெரியவன்னு இந்த இடத்துலயே சண்ட போடுவாங்க. போன வருஷம் என் சட்டையில மேலயிருந்து மூணாவது பட்டன் வரைக்கும் வந்தாங்க, ரெண்டு பேரும். இப்ப டெஸா எங்க வந்திருப்பான்னு நான் பாக்கணும். ஸ்கூல் வாசல்ல போய் நின்னு பாக்க முடியுமா? போலீஸக் கூப்பிட்டுடுவாங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள்தான், அவங்களா வந்து எம் முன்னாடி நிப்பாங்க. அதுவும் இன்னும் ரெண்டு வருஷம், மிஞ்சிப் போனா மூணு. அப்புறம் பெரிய பொண்ணுங்க ஆயிடுவாங்க. வேஷம் போட வெக்கப்படுவாங்க. வர மாட்டாங்க. அதுக்கு மேல அவ எவ்வளவு வளந்திருப்பான்னு எனக்குத் தெரிய வழியே இல்ல."

"ரெனே என்ன சொல்றாங்க?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னிக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிடுவா. அவளுக்கு அப்படி. எனக்கு இப்படி."

பிளேடை மாட்டி முடிக்கும்வரை ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு கூட இருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அன்றே பிரெண்டிடம் போய்ச் சொன்னேன். காது வரை சிவந்து போனார். அச்சாகி வந்திருந்த பேனரைச் சுருட்டித் தன் கார் டிக்கியிலேயே போட்டுப் பூட்டினார். பூட்டிய பிறகு அந்த டிக்கியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஆனால் மைதானத்தை அவர் விடவில்லை.

"பேர எடுத்துடலாம். டிக்கிகூட வேணாம், மேஜை போட்டுக்கலாம். ஆனா அந்தத் தெருவுல என் ரெண்டு பிள்ளைகள அனுப்ப மாட்டேன், எலையாஸ். கர்ட்டிஸ் மேல எவ்வளவு பாசம் இருந்தாலும் மாட்டேன். இன்னொரு தடவ நடந்தா யாரு பதில் சொல்றது?"

பொதுக்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று முடிவெடுக்கலாம் என்றார் க்வென்.

அக்டோபர் முதல் செவ்வாயன்று கிளப் ஹவுஸ் நிறைந்துவிட்டது. வெளியே மழை. மடக்கு நாற்காலிகள் போதாமல் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஆப்பிள் சைடரும் பூசணிக் கேக்கும் தொடுவாரற்று இருந்தன. பிரெண்ட் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். நேர்மையாகப் பேசினார். பிறகு யோடர் எழுந்து, கார்ஷெட்டில் என்னிடம் சொன்னதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார். பட்டனைத் தொட்டுக் காட்டினார். மேடியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். ஓட்டெடுப்பு முடிந்த மாதிரிதான், இனி எண்ணுவதுதான் பாக்கி என்று நினைத்தேன்.

கதவருகே நனைந்த மழைக்கோட்டோடு ஒருவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. வெர்னா கோல்ப். அந்த மழையில் நடந்தே வந்திருக்கிறார்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுன்னா எனக்கும் ஒண்ணு இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு, வெர்னா. உக்காருங்க," என்றார் க்வென்.

உட்காரவில்லை. "மைதானத்துக்குத்தான் என் ஓட்டு. தெருவுல வேணாம். பிள்ளைங்க ஓடுற சத்தம், ஷூ சத்தம், சிரிப்பு... அந்தத் தெருவுல அதக் கேட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்க என்னால முடியாது. மிஸ்டர் யோடர் சொன்னதக் கேட்டேன். அவர் கேக்கறதக் குடுத்துடணும்னுதான் தோணுது. என்கிட்ட இல்ல."

முன்வரிசையில் ஹேங்க் பர்டி என்ற கிழவர், காது மந்தம் என்பதால் தான் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: "அன்னிக்கு ஒரு நாள் எங்கயாவது வெளியூர் போயிட்டு வர்றது."

"எதுல போறது, ஹேங்க்?" என்றார் வெர்னா. "கார் ஓட்டிக்கிட்டா?"

ஹேங்க் தன் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

க்வென் ஓட்டுச் சீட்டுகளைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பேனாவைத் திறக்க ஒருவரும் இல்லை. யோடருக்குப் போட்டால் அந்த அம்மாளை ஒரு மாலை முழுக்க அந்த வீட்டுக்குள் பூட்டி வைப்பது. வெர்னாவுக்குப் போட்டால் யோடரின் கதவைச் சாத்துவது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், அறையின் இரண்டு மூலையில். ஒருவர் கேட்பது மற்றவரால் கொடுக்க முடியாததாக இருந்தது.

கடையில் இப்படி நடப்பது உண்டு. வாங்குபவன் இறங்கமாட்டான், அப்பாவும் இறங்கமாட்டார். அந்த நேரத்தில் அப்பா விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். விரித்திருக்கும் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு வேறொன்றை எடுத்து உதறி விரிப்பார். அவ்வளவுதான். என்ன விரிக்கப் போகிறேன் என்று தெரியாமலேயே எழுந்தேன்.

"பிள்ளைங்கள எங்க கொண்டு போறதுன்னே பேசிக்கிட்டிருக்கோம்," என்றேன். "காரையெல்லாம் வெளிய கொண்டு போயிட்டா? லார்க் தெருவுக்கு ஒரே வாய்தானே? மில் ரோட்டுல சேர்ற முனையில தடுப்பப் போட்டு மூடிட்டா? தெருவுல நிக்கிற வண்டியெல்லாம் மத்தியானமே மைதானத்துக்குப் போயிடட்டும். ஆறு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் உள்ள ஒரு சக்கரம் உருளக்கூடாது."

"வேலையிலேர்ந்து வர்றவங்க?" என்றார் பிரெண்ட்.

"மைதானத்துல விட்டுட்டு நடந்து வரட்டும்."

"நடந்தா? ஒஹாயோவுலயா?"

முதல் முறையாக அறையில் கொஞ்சம் சிரிப்பு. பிரெண்டும் சிரித்துவிட்டு, பிறகு யோசித்தார். வரைபடத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். அவர் கோடு போட ஆரம்பித்துவிட்டால் பாதி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

"டவுன்ஷிப் ஆபீஸ்ல அனுமதி குடுப்பாங்க," என்றார் க்வென். "ஆனா ஒரு நிபந்தனை போடுவாங்க. தடுப்புப் பக்கத்துல ஒரு பெரியவங்க ஆரம்பத்துலேர்ந்து முடியிற வரைக்கும் நிக்கணும். நகரக்கூடாது. யாரு நிக்கறீங்க?"

கை எழவில்லை. குறை சொல்ல முடியாது. பிள்ளை இருப்பவர்கள் பிள்ளையோடு நடக்க வேண்டும், மற்றவர்கள் அவரவர் வாசலில் மிட்டாயோடு நிற்க வேண்டும். பிரெண்ட் தரையைப் பார்த்தார். நான் நிற்கிறேன் என்று வாயெடுக்கும்போது என் இடுப்பு ஆபரேஷன் நினைவுக்கு வந்தது.

"அந்த முனையிலேர்ந்து பிள்ளைங்க சத்தம் கேக்குமா?" வெர்னா இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

"கேக்காது," என்றேன். "மில் ரோட்டு லாரிச் சத்தம்தான் கேக்கும்."

"அப்ப நான் நிக்கறேன்."

எல்லாத் தலையும் யோடர் பக்கம் திரும்பியது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக் கறை நகக்கண்ணில் இருந்தது. சைடர் சுடவைத்த பாத்திரம் மூலையில் கொதித்துக்கொண்டிருந்தது, யாராவது அதை அணைக்கக்கூடாதா என்று இருந்தது. கடைசியில் அவர் தலையைத் தூக்கி வெர்னாவைப் பார்த்தார்.

"ஏழு மணிக்கெல்லாம் நல்லா இருட்டிடும், மிஸஸ் கோல்ப்," என்றார். "கறுப்பு போட்டுக்காதீங்க."

"சரி," என்றார் வெர்னா.

"பள்ளம் தோண்டுற பசங்களுக்கு வாங்கின மஞ்சள் ஜாக்கெட் என்கிட்ட இருக்கு," என்றார் பிரெண்ட். "பளபளன்னு மின்னும். கொண்டாந்து தரேன்."

சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கையும் உயர்ந்தது. ஹேங்குக்குக் காது கேட்காததால் பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அந்த நாளும் வந்தது. மழை இல்லை, குளிர் மட்டும். லார்க் தெரு வண்டிகள் இல்லாமல் விசித்திரமாக அகன்று கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் என் மனைவி லொரெட்டா நின்றாள். எனக்கு முனைக்கும் தெருவுக்கும் நடக்கிற வேலை.

யோடர் வாசலில் எலும்புக்கூடு இல்லை, கல்லறை இல்லை. செதுக்கிய ஒரே பூசணிக்காய். ஆறு மணிக்கே விளக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மிட்டாய்க் கூடையோடு நின்றார். பெரிய பெரிய சாக்லேட்டாக வாங்கியிருந்தார். மற்ற வீடுகளில் கொடுக்கும் விரல்கடை சைஸ் இல்லை.

ஒருவரும் வரவில்லை.

சூனியக்காரிகளும் கடற்கொள்ளையரும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்த வீட்டுக்கு முன்னால் வந்ததும் அம்மாக்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, அடுத்த வீட்டுக்குத் திருப்பினார்கள். தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை. கூட்டத்தில் அழுதவர்கள்தான், கை தூக்கியவர்கள்தான். நேரில் அந்த விளக்கைப் பார்த்ததும் கால் வரவில்லை. நான் எதிர்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் இழுத்துக்கொண்டு வரலாம் போல இருந்தது. ஆனால் நான் அனுப்பி வருகிற பிள்ளை அவருக்கு எதற்கு? தானாகத் தட்ட வேண்டும் என்றுதானே கேட்டார்? கண்ணாடிக்குப் பின்னால் அவர் கூடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். மறுபடி மாற்றினார்.

மேடி டோனர் தீயணைப்பு வீரர் வேஷத்தில் வந்தாள். தலை முதல் கால் வரை மின்னும் பட்டை ஒட்டி, தெருவிளக்கு மாதிரி இருந்தாள். அவள் அம்மாவும் தோளைப் பிடித்தார்.

"அங்க வேணாம் கண்ணு. அடுத்த வீட்டுக்குப் போலாம்."

"லைட்டு எரியுதேம்மா," என்றாள் மேடி.

அம்மாவின் கை தோளிலிருந்து நழுவியது. மேடி படியேறிக் கதவைத் தட்டினாள். யோடர் திறந்தார். மற்ற பெரியவர்களைப் போல அவர் குனியவில்லை. நிமிர்ந்து, ராணுவத்தில் நிற்பதைப் போல நின்றார். மேடி ஒரு கணம் விழித்தாள். பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது அந்தக் கார்ஷெட் சண்டைகள் நினைவிருந்திருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் சட்டைக்கு நேரே ஒட்டி நின்றாள். யோடர் தன் விரலை அந்த இடத்தில் வைத்தார். மேலிருந்து மூன்றாவது பட்டனுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்.

"இவ்வளவா?" என்றார்.

"ஷூ கொஞ்சம் ஒசரம், மிஸ்டர் யோடர்," என்றாள் மேடி. "ஒரு விரல் கொறச்சுக்கணும்."

ஒரு விரல் குறைத்துக்கொண்டார். சாக்லேட் ஒன்று கொடுத்தார். யோசித்து இன்னொன்றும் கொடுத்தார்.

"மத்தவங்களும் பின்னாடி வராங்க. கூட்டிட்டு வரவா?"

"கூட்டிட்டு வா. மெதுவா வரச் சொல்லு. ஓட வேணாம்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதவைச் சாத்தவில்லை. படியில் வரிசை நின்றது. யோடர் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சாதாரணமாகக் குனிந்து கொடுத்தார். ஆனால் சட்டையைப் பிடித்திருந்த அந்த விரலை மட்டும் எடுக்கவில்லை. ஒரே கையால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முனைக்குப் போனேன். மஞ்சள் ஜாக்கெட் வெர்னாவுக்கு முழங்கால்வரை தொங்கியது. கையில் டார்ச். தடுப்புக்கு முன்னால் ஒரு வண்டி விளக்கெரிய நின்றது.

"வெர்னா, நான்தான், பிரெண்ட்! சைடர் தீந்து போச்சுன்னு வாங்கப் போனேன். நீங்க போட்டிருக்கிறது என் ஜாக்கெட்டு!"

"தெரியுது. ஜாக்கெட்டுக்கு நன்றி. மைதானத்துல விட்டுட்டு நடங்க."

"ரெண்டு பெரிய கேன் இருக்கு!"

"ரெண்டு கை இருக்கில்ல?"

பிரெண்ட் என்னைப் பார்த்தார். நான் லாரிகளைப் பார்த்தேன். வண்டி பின்னால் நகர்ந்தது. சிறிது நேரத்தில் இரண்டு கைகளிலும் கேனோடு, கால்சட்டையெல்லாம் சைடர் சிந்த நடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எங்களைத் தாண்டிப் போனார். வெர்னா சிரிக்கவில்லை. அடுத்த வண்டியின் வெளிச்சம் வளைவில் தெரிந்ததுமே டார்ச்சைத் தூக்கிவிட்டார். இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான். நாற்காலி கொண்டு வந்திருந்தேன், வேண்டாம் என்றார்.

எட்டு மணிக்கு டவுன்ஷிப் சங்கு ஊதியது. வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. க்வென் கிளப் ஹவுஸ் படியில் போனோடு உட்கார்ந்து, வீடு வீடாகச் செய்தி வாங்கிக்கொண்டிருந்தார், பிள்ளை உள்ளே வந்தாயிற்றா என்று. கடைசி வீடும் பதில் சொன்ன பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தடுப்பை எடுக்க முனைக்குப் போனேன்.

"எடுக்காதீங்க," என்றார் வெர்னா. "எல்லாரும் உள்ள போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. க்வென் ஒவ்வொரு வீடா கேட்டுட்டாங்க."

"எத்தனை பேர்?"

"நாப்பத்தேழு."

"அவர் வாசலுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க. கூடை காலி."

டார்ச்சை அணைத்தார். பிறகு, கேட்காமலே, வேலை முடிந்து சாவியை ஒப்படைப்பவர் போலத் தன் பங்குக்குக் கார் கணக்கைச் சொன்னார். சொல்லி முடித்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துத் தடுப்பின் மேல் வைத்துவிட்டு, ஒலி அடங்கிய தெருவுக்குள் ஓரமாக நடந்து போனார். யோடர் வீட்டு விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டைத் தாண்டும்போது அவர் நிற்கவில்லை. உள்ளேயிருந்தும் யாரும் வரவில்லை. வெர்னா தன் கதவைத் திறந்து உள்ளே போன பிறகுதான் அந்த விளக்கு அணைந்தது.

முனைக்கு வந்த கார்கள் பத்தொன்பது, திரும்பிப் போனவை பத்தொன்பது. தெருவில் இறங்கிய பிள்ளைகள் நாற்பத்தேழு, வீடு சேர்ந்தவர்கள் நாற்பத்தேழு. இந்த வருடக் கணக்கு நேர். போன வருடத்து ஒன்று பாக்கி.